புது உப்புத்தண்ணி தொட்டி, ஆறாவது வாரம்: பாறையில் பழுப்புச் சளி. இது டயாட்டம்கிற நுண்பாசிதானா?

சங்குத்துறை (கேள்வி)

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே சம்ப் (வடிகட்டுற சாமான் வைக்கிற துணைத்தொட்டி). பாறை, மணல் போக மொத்தத் தண்ணி சுமார் 180 லிட்டர். டிரை ராக் (உயிர் ஒட்டாத காய்ஞ்ச பாறை) 12 கிலோ, அரகோனைட் (சுண்ணாம்பு) மணல் 15 கிலோ. ஸ்கிம்மர் (நுரையில கழிவைப் பிரிக்கிறது), ஒரு வேவ்மேக்கர் (தண்ணியை ஓட்டுற பம்ப்), 90 வாட் எல்இடி, தினம் 10 மணி நேரம். ரெண்டு கோமாளி மீன், அஞ்சு நத்தை.

முதல்ல நிரப்பினது ஆடி மாசம் முட்டத்துல கரையோரம் எடுத்த கடல்தண்ணி. நாகர்கோவில் சூட்டுக்கு ஃபேன் ஓடுறதால தினமும் 3 லிட்டர் ஆவியாகுது. அதுக்கு வீட்டு ஆர்ஓ தண்ணி ஊத்துறேன்.

மூணாவது வாரம் கண்ணாடியிலயும் மணல்லயும் பழுப்புத் தூள் படிஞ்சது. துடைச்சா உடனே போச்சு. டயாட்டம்னு நினைச்சு சம்ப்ல ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சுற இரும்பு ஆக்சைடு) பை போட்டேன், தீனியைப் பாதியாக் குறைச்சேன், வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்தினேன், அது செயற்கை உப்புல கலக்கினது. தூள் குறைஞ்சது. அஞ்சாவது வாரத்துல இருந்து பாறை மேல பழுப்பா, சளி மாதிரி, நூல் நூலாத் தொங்குது. நுனியில காத்துக்குமிழி. மணல்ல ஒரு மூலையில மட்டும் கருஞ்சிவப்பா ஒரு படலம். பின்கண்ணாடியில அங்கங்க இளஞ்சிவப்புப் புள்ளி. நத்தை ரெண்டு மல்லாந்து செத்துப்போச்சு.

நேத்து எடுத்த அளவு: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, உப்படர்த்தி 1.025, வெப்பம் 27, காரத்தன்மை 8.4 டிகேஹெச்.

ஜிஎஃப்ஓ-வைக் கூட்டலாமா? கடல்தண்ணியில இருந்து வந்த கோளாறா? பாறைக்கரையில இருந்து கொஞ்சம் கடல்பாசியும் லைவ் ராக்கும் (உயிர்கள் ஒட்டின கடல்பாறை) எடுத்துப் போட்டா சரியாயிரும்னு ஒருத்தர் சொல்லுறார். அது சரியா?

உவர்நீர்

தம்பி, ஜிஎஃப்ஓ பையை இன்னைக்கே வெளிய எடுத்திருங்க. கூட்டுற பேச்சே வேண்டாம். நீங்க எழுதினதுல என் கண்ணுல முதல்ல பட்டது பாசியோட நிறம் இல்ல. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, நத்தை சாவு, இந்த மூணுந்தான்.

பழுப்பா இருக்கிறதெல்லாம் டயாட்டம் இல்ல. டயாட்டம், டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற ஒருசெல் உயிர் (டைனோன்னு சொல்லுறோம்), சில சமயம் சயனோபாக்டீரியா (ஒளியில வளர்ற பாக்டீரியா, சுருக்கமா சயனோ), மூணும் பழுப்பா வரும். இதுல டயாட்டத்துக்குப் பண்ணுற வைத்தியமும் டைனோவுக்குப் பண்ணுற வைத்தியமும் நேர் எதிர். டயாட்டம்னா சத்தைக் குறைச்சு, சுத்தம் பண்ணிக் காத்திருந்தாப் போதும். டைனோன்னா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏத்தணும். தண்ணியில சத்தே இல்லாம மத்த பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில கிடக்கும்போதுதான் டைனோ அந்த இடத்தைப் பிடிக்கும். டிரை ராக்ல தொடங்கின தொட்டியில போட்டிக்கு ஆளும் குறைவு. அதனால பேர் தெரியாம மருந்து போடாதீங்க.

கண்டுபிடிக்க நாலு வழி இருக்கு. நாலையும் செய்யுங்க, ஒண்ணை மட்டும் வச்சு முடிவெடுக்க வேண்டாம்.

கையால பாருங்க. கையுறை கட்டாயம், கையில வெட்டுக்காயம் இருந்தா கிட்டயே போகாதீங்க. டயாட்டம் மஞ்சப்பொடி மாதிரி, தொட்டா புகையாக் கலையும். சயனோ பாலாடை மாதிரி, ஓரத்தைக் கிளப்பினா தகடாப் பிரிஞ்சு வரும், முகர்ந்தா சாக்கடை வாடை இருக்கும். டைனோ வெண்டைக்காயை முறிச்சா இழுக்குமே, அந்தக் கொழகொழ நூல். பச்சை இழைப்பாசி தேங்காநார் மாதிரி வேர் பிடிச்சு நிக்கும், இழுத்தாத்தான் அறும்.

ராத்திரி பாருங்க. சாயங்காலம் விளக்கு அணையுறதுக்கு முன்னால ஒரு போட்டோ, விடியக்காலம் விளக்கு எரியுறதுக்கு முன்னால சின்ன டார்ச் வச்சு அதே இடத்துல இன்னொண்ணு. டயாட்டம் போட்டது போட்டபடி கிடக்கும். சயனோ கொஞ்சம் வெளிறும், ஆனா கிடந்த இடத்துலயே கிடக்கும். டைனோவுல சில வகை பாறையை விட்டுத் தண்ணிக்குள்ள கரைஞ்சிரும், விடியக்காலம் பாறை சுத்தமாத் தெரியும். மதியம் ஆனா பழையபடி தொங்கும்.

குலுக்கிப் பாருங்க. நல்ல வெயில் நேரத்துல, அதாவது உங்க விளக்கு எரிஞ்சு 5, 6 மணி நேரம் ஆனப்புறம், அந்தச் சளியைச் சிரிஞ்சுல 20 மில்லி உறிஞ்சி ஒரு சின்ன பாட்டில்ல போட்டு நூலெல்லாம் உடையுற வரை நல்லாக் குலுக்குங்க. ஒரு டிஷ்யூ பேப்பர் வழியா கண்ணாடித் தம்ளர்ல வடிகட்டுங்க. வடிஞ்ச தண்ணி லேசான பழுப்பா இருக்கும். மூடாம விளக்குக்கு அடியில ஒரு மணி நேரம் அசைக்காம வைங்க. தனித்தனி செல்லாக் காகிதத்தைத் தாண்டி வந்த டைனோ மறுபடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நூலாத் திரளும், தம்ளர் நடுவுல சிலந்தி வலை மாதிரி தெரியும். டயாட்டம்னா அடியில தூளாப் படியும். சயனோவோட இழை பெரும்பாலும் காகிதத்துலயே தங்கிரும்.

நாலாவது மைக்ராஸ்கோப். 400 மடங்கு போதும், கண்வில்லை 10, பொருள்வில்லை 40. ஸ்கூல், காலேஜ் லேப்ல இருக்கிறதே தாராளம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள பாருங்க, ஆறிப்போனா எல்லாம் அசையாம நின்னுரும். டயாட்டம் கண்ணாடித் துண்டு மாதிரி, படகு வடிவத்துல, நேர்கோட்டுல மெல்ல வழுக்கும். சுழலாது. சயனோ கட்டுக்கட்டா இழை. டைனோன்னா எந்த வகைன்னு தெரிஞ்சாகணும், அதனால எப்படி அசையுதுன்னு வீடியோ எடுங்க.

பாஸ்பேட் 0-ன்னு எழுதியிருக்கீங்க. எந்தக் கிட்? சொட்டு மருந்து விட்டு நிற அட்டையோட ஒப்பிடுற சாதாரணக் கிட்ல 0-க்கு அடுத்த கட்டம் 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). நமக்கு வேண்டிய அளவு 0.05-ல இருந்து 0.1 வரை. அந்தக் கிட்ல அது எப்பவும் 0-ன்னுதான் தெரியும். ஹன்னா பாஸ்பரஸ் அல்ட்ரா லோ ரேஞ்ச் செக்கர் (சின்ன மீட்டர்) கிடைச்சா அதுல பாருங்க. அது காட்டுற எண் பாஸ்பரஸோட பிபிபி (பிபிஎம்-ல ஆயிரத்துல ஒரு பங்கு). 3.066-ஆல பெருக்கி 1000-ஆல வகுத்தா பாஸ்பேட் பிபிஎம் வரும். 16 காட்டினா ஏறக்குறைய 0.05.

தேங்காப்பட்டணம்_ரீஃப்

முதலில் வந்த பழுப்புத் தூளுக்கான காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: தண்ணீர்.

டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. தண்ணீரில் சிலிகேட் இருக்கும்வரை அது பெருகும், தீர்ந்ததும் அடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் மேற்குக் கரையில் ஆழத்துத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் மூன்றும் அதிகம். கடலிலேயே டயாட்டம் பொங்குகிற பருவம் அது. சாளை மேய்வதும் அதைத்தான். அந்தத் தண்ணீரைக் கரையோரம் கலங்கலோடு மொண்டு வந்தால் தொட்டியிலும் அதுவே நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு சிக்கல். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், மணக்குடியில் பழையாறும், கடியபட்டணத்தில் வள்ளியாறும் மழைத்தண்ணீரோடு வந்து சேரும்போது உப்பு இறங்கிவிடும், வயல் உரமும் கலந்து வரும். எடுப்பதென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, முடிந்தால் வள்ளக்காரரிடம் கேன் கொடுத்து வெளியே மொண்டுவரச் சொல்லுங்கள்.

கொண்டு வந்த தண்ணீரை 5 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, 100 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 20 மில்லி ஊற்றினால் 10 பிபிஎம் குளோரின் கிடைக்கும். வாசனை, சோப்பு கலந்த பிளீச் கூடாது. மூடி 24 மணி நேரம் வைத்து, பிறகு காற்று ஓட்டுங்கள். ஓடிஓ என்ற, குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தில் மஞ்சள் நிறம் தெரிந்தால் மீதி குளோரின் இருக்கிறது. ஒவ்வொரு 1 பிபிஎம் மீதிக்கும் லிட்டருக்கு 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேட் போடுங்கள். 100 லிட்டரில் 3 பிபிஎம் மீதி என்றால் 2.1 கிராம். மறுபடி சோதித்து, நிறமே வராவிட்டால்தான் தொட்டிக்குள் விட வேண்டும். இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: குளோரின் கிருமியைத்தான் கொல்லும். சிலிகேட்டையோ நைட்ரேட்டையோ அது தொடாது.

இனி உங்கள் ஆர்ஓ. வீட்டு ஆர்ஓ குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு வால்வு இருக்கும். மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் சுவைக்காகத் திரும்பக் கலந்துவிடுவது அதன் வேலை. மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு இருக்கும். குழாயில் வரும் தண்ணீர் டிடிஎஸ் 40 காட்டினாலும் குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். கரைந்து வந்ததெல்லாம் உள்ளேயே தங்கும். தினம் 3 லிட்டர், 42 நாளில் 126 லிட்டர் ஊற்றியிருக்கிறீர்கள். அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சிலிகேட் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 252 மில்லிகிராம், 180 லிட்டருக்கு 1.4 பிபிஎம். டயாட்டத்துக்கு அது விருந்து.

ஆகவே மெம்பரேனிலிருந்து நேராக வரும் குழாயில், மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் கன்ட்ரோலருக்கும் முன்னால், ஒரு டி இணைப்புப் போட்டு டிஐ ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடிக்கும் மணிகள்) கார்ட்ரிட்ஜ் இரண்டை வரிசையாக மாட்டுங்கள். இரண்டு எதற்கு? சிலிசிக் அமிலம் தண்ணீரில் அயனியாகப் பிரிவது மிகக் குறைவு, அதனால் டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது. ரெசின் தளரும்போது முதலில் நழுவுவதும் அதுதான். மீட்டர் 0 காட்டிக்கொண்டிருக்கும், சிலிகேட் ஒழுகிக்கொண்டிருக்கும். முதல் கார்ட்ரிட்ஜின் நிறம் முழுதும் மாறியதும் அதை எறிந்து, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதியதைக் கடைசியில் வையுங்கள்.

சங்குத்துறை

அண்ணே, சொன்னபடி எல்லாம் பண்ணினேன். ஜிஎஃப்ஓ எடுத்தாச்சு.

பாறையில இருக்கிறது கையுறையில நூலா ஒட்டிச்சு, வாடை இல்ல. விடியக்காலம் 5 மணிக்குப் பார்த்தா பாறை முக்கால்வாசி சுத்தம், மதியம் 2 மணிக்குத் திரும்பத் தொங்குது. தம்ளர்ல 40 நிமிஷத்துலயே நூல் திரண்டுச்சு. கண்ணாடியில இருக்கிறதை அதே மாதிரி குலுக்கினா அடியில தூள் மட்டும் படிஞ்சது. மணல் மூலைச் சிவப்பு தகடா வந்துச்சு, நாத்தம்.

காலேஜ் லேப்ல 400 மடங்குல பார்த்தேன். பாறைச் சளியில இருக்கிற செல் மாங்கொட்டை மாதிரி, ஒரு முனை கூம்பி, மஞ்சள் கலந்த பழுப்பு. அந்தக் கூம்பு முனை ஒரு இடத்துல நிக்க, மீதி உடம்பு சுத்திச் சுத்தி வருது, முளையில கட்டின ஆடு சுத்துற மாதிரி. மணலை எடுத்துப் பார்த்தப்போ இந்த வகை ரொம்பக் குறைவு.

பாஸ்பரஸ் செக்கர்ல 2 பிபிபி. நைட்ரேட் வேற கிட்லயும் 0.

உவர்நீர்

அது ஆஸ்ட்ரியோப்சிஸ், டைனோவுல ஒரு வகை. முளையில கட்டின ஆடுன்னு எழுதினீங்களே, அதுதான் அடையாளம். 2 பிபிபி-ன்னா பாஸ்பேட் 0.006, இல்லாத மாதிரிதான். கண்ணாடியில மிச்சம் இருக்கிறது டயாட்டம், அதை இனி தொடாதீங்க. டைனோவுக்குப் போட்டியா நிக்கிற ஆள் அது, இருந்துட்டுப் போகட்டும்.

முதல்ல பாதுகாப்பு. இந்த வகை பாலிடாக்சின் வகையைச் சேர்ந்த நச்சு உண்டாக்கும். நத்தை செத்தது அதை மேய்ஞ்சுதான். மிச்ச மூணு நத்தையையும் வாளியில தனியா வைங்க. 2005-ல இத்தாலியில ஜெனோவா கடற்கரையில இது பெருகினப்போ அலைத்திவலையைச் சுவாசிச்ச சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறலோட வைத்தியத்துக்குப் போனாங்க. வீட்டுத் தொட்டி அந்த அளவு இல்லதான், ஆனா பாறையை வெந்நியில போட்டுக் கொதிக்க வைக்கிறது, வெளிய எடுத்து பிரஷ் வச்சுத் தெறிக்கத் தேய்க்கிறது, வாயால சைபன் உறிஞ்சுறது, இது மூணும் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைங்க கையை விடாமப் பார்த்துக்கிடுங்க.

இனி சத்து ஏத்துறது. லேப் கெமிக்கல் கடையில சோடியம் நைட்ரேட்டும் டிரைசோடியம் பாஸ்பேட் டோடெகாஹைட்ரேட்டும் வாங்குங்க. உரக்கடைச் சரக்கு வேண்டாம், அமோனியம் கலந்திருந்தா மீன் போயிரும்.

சோடியம் நைட்ரேட் 25 கிராமை டிஐ தண்ணியில கரைச்சு 500 மில்லி ஆக்குங்க. உங்க 180 லிட்டருக்கு இந்தக் கரைசல் 10 மில்லி விட்டா நைட்ரேட் 2 பிபிஎம் ஏறும். தினம் 10 மில்லி, 5 பிபிஎம் வர்ற வரைக்கும். அப்புறம் 5-ல இருந்து 10-க்குள்ள நிறுத்தி வைங்க.

பாஸ்பேட் உப்பு 1 கிராமை 250 மில்லி ஆக்குங்க. 1 மில்லியில 1 மில்லிகிராம் பாஸ்பேட் இருக்கும். 9 மில்லி விட்டா 0.05 பிபிஎம். இதுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. சாயங்காலம் விட்டு மறுநாள் காலையில பார்த்தா திரும்ப 0-க்குப் பக்கத்துல நிக்கும். புது டிரை ராக் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதான் காரணம். அதுக்காக அளவை ரெட்டிப்பாக்காதீங்க. தினம் அதே 9 மில்லி, மறுநாள் காலையில அளவு எடுங்க. பாறை நிறைஞ்சதும் எண் தானா நிக்கும், பத்து நாள் ஆனாலும் ஆகும். 0.1 தொட்டா நிறுத்திருங்க, 0.2-ஐத் தாண்ட விடாதீங்க.

தண்ணி மாத்துறதை நிறுத்துங்க. புது உப்போட வர்ற நுண்தாதுக்கள் டைனோவுக்குத் தெம்பு குடுக்குது, நீங்க கஷ்டப்பட்டு ஏத்தின சத்தையும் அது நீர்க்கச் செய்யும். ஆனா உறிஞ்சி எடுக்கிறதை நிறுத்தாதீங்க. நூல் தடியா இருக்கிற மதிய நேரத்துல சின்ன ஏர் டியூப் வச்சு சைபன் பண்ணி, சம்ப்ல தொங்குற 10 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டிப் பை) வழியா அதே தண்ணியைத் திருப்பி விடுங்க. சாக்கை அப்பவே கழட்டி, லிட்டருக்கு 10 மில்லி பிளீச் கலந்த தண்ணியில ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, அலசி, வெயில்ல காயப்போட்டு எடுங்க. அடுத்த நாளுக்கு இன்னொரு சாக் வேணும்.

ஆஸ்ட்ரியோப்சிஸ் ராத்திரி தண்ணியில மிதக்கிற வகை, அதனால யுவி (தண்ணியை உள்ள ஓட்டுற புற ஊதா விளக்கு) இதுக்கு நல்லா வேலை செய்யும். 10 லிட்டருக்கு 1 வாட் கணக்கு, உங்களுக்கு 18 வாட். சம்ப்ல மாட்டாதீங்க. மேல் தொட்டியிலயே இழுத்து மேல் தொட்டியிலயே விடுற மாதிரி, மணிக்கு 400 லிட்டர் ஓட்டத்துல வைங்க. வேகமா ஓட்டினா ஒளி படுற நேரம் குறைஞ்சு சும்மா ஓடும். குவார்ட்ஸ் குழாயில படலம் பிடிச்சாலும் அதே கதிதான், வாரம் ஒரு தடவை வினிகர்ல துடைங்க.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிக்க ஆரம்பிச்சப்புறம் மூணு நாள் முழு இருட்டு. கறுப்புத் துணி நாலு பக்கமும், ஜன்னல் வெளிச்சமும் புகாம. அந்த மூணு நாளும் யுவி, ஸ்கிம்மர், ஏர் ஸ்டோன் எல்லாம் ஓடணும். செல் கும்பலாச் சாகும்போது ஆக்சிஜன் இறங்கும், நச்சும் வெளியாகும். 60 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன் பையில போட்டு, அஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. கரண்ட் போனா ஓடுறதுக்கு பேட்டரி ஏர் பம்ப் கையில இருக்கட்டும். மீனுக்கு ரெண்டாவது நாள் ஒரு சிட்டிகை தீனி போதும். நாலாவது நாள் விளக்கு 5 மணி நேரம், அப்புறம் வாரம் ஒரு மணி நேரம் கூட்டி 8-ல நிறுத்துங்க.

இந்த வைத்தியம் எல்லா டைனோவுக்கும் பொருந்தாது. முட்டை வடிவத்துல, சின்ன மூக்கு மாதிரி ஒரு முனையோட, கட்டில்லாம ஓடித் திரியுறது ஆம்ஃபிடினியம். அது மணலை விட்டு வெளிய வராது, யுவி அதுக்குத் துரும்பு. அதுக்கு சிலிகேட் சேர்த்து டயாட்டத்தை வளர விட்டுத்தான் நெருக்கணும். வகை தெரியாம யுவி வாங்கிக் காசை விடுறது இதனாலதான்.

பழையாறு

மீதிக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

மணல் மூலையில் தகடாக வந்து நாறுவது சயனோபாக்டீரியா. ஒரு வேவ்மேக்கர்தான் இருக்கிறது, அந்த மூலைக்கு ஓட்டம் போகவில்லை. 180 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 3600 முதல் 5400 லிட்டர் வரை ஓட்டம் வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு வேவ்மேக்கர் வைத்து இரண்டும் முன்கண்ணாடியில் மோதித் திரும்புமாறு சாய்த்து வையுங்கள். ஒரு சிட்டிகை தீனியைத் தூவிப் பாருங்கள். அது எங்கே தங்குகிறதோ அங்கேதான் சயனோ வரும். படலத்தை வாரம் இருமுறை சைபனில் எடுங்கள். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் பலர் சொல்வார்கள். டைனோ இருக்கும் தொட்டியில் அதைப் போட்டு சயனோவைக் கொன்றால், காலியான இடத்தை டைனோ பிடிக்கும்.

பின்கண்ணாடி இளஞ்சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு போல இறுகி, வராமல் நின்றால் அது கோரலைன் பாசி. அதைச் சுரண்ட வேண்டாம். கால்சியம் 420, மெக்னீசியம் 1300, காரத்தன்மை 8 முதல் 9 வரை நின்றால் மெல்லப் பாறையெல்லாம் படரும். அது படர்ந்த இடத்தில் வேறு பாசி எளிதில் கால் ஊன்றாது.

கரையிலிருந்து லைவ் ராக் எடுக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறைகள் இருக்கின்றன. கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டையும் அப்படியே. கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லாக இருந்தாலும் எடுப்பது குற்றம்.

கடல்பாசியை இப்போது போட்டால் நீங்கள் ஏற்றும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது தின்றுவிடும், டைனோவுக்குத்தான் லாபம். பின்னாளில் சம்ப்பில் வளர்க்க கீட்டோமார்ஃபா என்ற பச்சைப்பாசி நல்லது. நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், வேர் பிடிக்காது. கௌலெர்ப்பா வேண்டாம், ஓரிரவில் வெளிறிக் கரைந்து உறிஞ்சிய சத்தையெல்லாம் திரும்பக் கக்கிவிடும். தொட்டியில் வளர்ந்த எந்தப் பாசியையும் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியது நம் பக்கத்துக் கதைதான். வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

நீங்கள் அரகோனைட் மணல் போட்டது நல்லது. இதைப் படிக்கும் வேறு யாராவது மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலைப் போடலாமா என்று யோசித்தால், வேண்டாம். அந்தக் கரையில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் கலந்த மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. இல்மனைட்டின் கறுப்புத் துகள் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறும், பம்ப்பின் காந்த உருளையில் ஏறித் தண்டைத் தேய்க்கும்.

சங்குத்துறை

இருபத்திரண்டாவது நாள். நைட்ரேட் 6, பாஸ்பரஸ் 24 பிபிபி, அதாவது 0.07. பாஸ்பேட் நிக்கப் பதினொரு நாள் ஆச்சு. இருட்டுக்கு அப்புறம் பாறையில நூல் இல்ல. தம்ளர் சோதனையில ஒரு மணி நேரம் ஆகியும் ஒண்ணும் திரளல. ரெண்டாவது வேவ்மேக்கர் போட்டதும் சிவப்புப் படலம் திரும்ப வரல. டிஐ மாட்டியாச்சு.

இப்போ பாறை உச்சியில பச்சையா, அரை சென்டிமீட்டர் உயரத்துல இழை முளைக்குது. சத்தைக் கூட்டினது தப்பாப் போச்சோ?

உவர்நீர்

தப்பே இல்ல தம்பி, நல்ல சகுனம். டைனோ விட்ட இடத்தைப் பச்சைப்பாசி பிடிக்குது. இந்தக் கட்டத்துல பயந்து ஜிஎஃப்ஓ-வைத் திரும்பப் போட்டுத்தான் பலர் டைனோவைத் திரும்பக் கூப்பிடுறாங்க. இன்னும் மூணு வாரம் நைட்ரேட் 5-க்குக் கீழயும் பாஸ்பேட் 0.05-க்குக் கீழயும் போக விடாதீங்க. யுவி அதுவரைக்கும் ஓடட்டும். தண்ணி மாத்துறதை அடுத்த வாரம் 5 சதவீதத்துல தொடங்குங்க, நூல் வரலன்னா 10-க்குப் போங்க.

அந்தப் பச்சை எதுன்னு ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. கிளையே இல்லாத வெறும் நூல்னா டெர்பேசியா, கையால பிடுங்கினா வரும், நத்தையும் மேயும். நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் இறகு மாதிரி கிளைன்னா பிரையாப்சிஸ். அதை நத்தை பெரும்பாலும் தொடாது. முதல்லயே அந்தப் பாறையை மட்டும் எடுத்துப் பிடுங்குங்க. மீறிப் பரவினா ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) லிட்டருக்கு 5 மில்லிகிராம், உங்களுக்கு 150 மில்லிகிராம் மாத்திரை ஆறு, கார்பனும் யுவியும் எடுத்துட்டு, ஸ்கிம்மர் கோப்பையைக் கழட்டிட்டு ரெண்டு மூணு வாரம். இப்போதைக்கு அது வேண்டாம், டைனோ போன சூட்டோட இன்னொரு கலக்கல் கூடாது. பச்சை மணி மாதிரி பளபளன்னு உருண்டை கண்டா அது வலோனியா, உடைக்காம அடியோட கிளப்பி சைபன்ல எடுத்திருங்க.

பழையாறு

வாளியில் இருக்கும் மூன்று நத்தைகளில் முதலில் ஒன்றை மட்டும் விடுங்கள். மூன்று நாள் கண்ணாடியில் ஏறி மேய்ந்தால் மற்ற இரண்டையும் விடலாம். இதற்கு மேல் வாங்கினாலும் மொத்தம் எட்டைத் தாண்ட வேண்டாம், இப்போதுள்ள பாசி அதற்குத்தான் காணும். கரைப்பாறையில் அலை அடிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு கறுப்பு நத்தைகள் பாசியை நன்றாக மேயும்; ஆனால் அவை தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏறி வாழ்பவை, இரவில் தொட்டி விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து காய்ந்துபோகும். அவற்றை விடுவதானால் விளிம்பைச் சுற்றி வலைமூடி போடுங்கள். கண்ணாடி மூடி போட்டால் ஃபேன் காற்று தண்ணீரில் படாமல் வெப்பம் ஏறிவிடும்.